கீற்றுக் கொட்டகையில் ஒரு திருவிழா

ஆயுத பூசையோடு சனி, ஞாயிறும் சேர்ந்து வந்தால் நம் பகுதிப் பட்டறைகள் இரண்டு மூன்று நாள் ஓய்ந்திருக்கும். "எங்கப்பா போறோம்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓலை வேய்ந்த குடில்களை நாள் வாடகைக்கு விடுகிறார்கள். அந்த வாடகையைக் கேட்டதும், 'விடுமுறை எல்லாம் வசதி உள்ளவர்களுக்குத்தான்' என்று சோர்ந்துபோகிறோம். ஆனால், குடும்பத்தோடு ஓலைக் குடிலில் தங்கும் விடுமுறையைத் தம் மக்கள் எல்லாருக்கும் ஆண்டவரே ஏற்படுத்தினார். அதுவே கூடாரப் பெருவிழா. அதைப் பற்றி இன்று சிந்திப்போம்.

லேவியர் நூல் 23-ஆம் அதிகாரத்தில் இவ்விழாவைக் காண்கிறோம். ஏழாம் மாதத்தின் 15-ஆம் நாள் தொடங்கி ஏழு நாள். நம் கணக்கில் செப்டம்பர் அல்லது அக்டோபர். களத்துத் தானியமும் திராட்சை இரசமும் வீடு வந்து சேர்ந்திருக்கும் வேளை. அந்த வேளையில்தான், வீட்டை விட்டு வெளியே வந்து குடிலில் தங்கச் சொல்கிறார் ஆண்டவர். பாபிலோனிலிருந்து திரும்பிய மக்கள் இதை எப்படிக் கொண்டாடினார்கள் என்று நெகேமியா நூலின் 8-ஆம் அதிகாரம் விவரிக்கிறது. மலைக்குப் போய் ஒலிவக் கிளைகளையும் பேரீச்ச ஓலைகளையும் வெட்டி வந்து, வீட்டு முற்றத்திலும் பொது வெளியிலும் மொட்டை மாடியிலும் குடில் கட்டினார்கள். மொட்டை மாடியில் ஓலைக் குடில்! இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் நாம் அன்றாடம் பார்க்கும் கீற்றுக் கொட்டகைதானே அது!

கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் யூதச் சட்டத் தொகுப்பு, குடிலுக்கான விதிகளைத் தருகிறது. மண்ணில் விளைந்த பொருளால் கூரை வேய வேண்டும். உள்ளே வெயிலைவிட நிழல் மிகுதியாக இருக்க வேண்டும். விண்மீன் தெரியும் அளவுக்குக் கூரையில் இடைவெளி விடுவது வழக்கம். உண்பதும் உறங்குவதும் அங்கேதான். மழை வந்தால்? கஞ்சி கெட்டுப்போகும் அளவுக்குப் பெய்தால் வீட்டுக்குள் போய்விடலாம். எவ்வளவு இரக்கமுள்ள விதி பாருங்கள்!

இவ்விழா நமக்குக் கற்றுத் தருபவை மூன்று.

முதலாவது, நினைவு. எகிப்திலிருந்து வெளியேறிய முன்னோர் குடில்களில் வாழ்ந்ததைப் பின்வரும் தலைமுறை அறியவே இவ்விழா. நம்மில் பலருடைய தாத்தா பாட்டியும் குடிசையில் வாழ்ந்தவர்களே. 1970-இல் குடிசை மாற்று வாரியம் உருவானபின் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. அங்கே பிறந்த பிள்ளைகளுக்குக் குடிசைக் கதை தெரியாது. சொல்லக் கூச்சப்படுகிறோம். கூச்சம் எதற்கு? தண்ணீர்க் குடத்தோடு எங்கே வரிசையில் நின்றோம், கூரை தீப்பற்றியபோது எந்த வீட்டார் சோறு போட்டார்கள் என்பதெல்லாம் பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய சொத்து. அதே வேளையில் ஒன்றை மறக்கலாகாது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் தற்காலிகக் கொட்டகைகளில் மாதக்கணக்கில் வெந்தவர்களுக்கு அது விழா அல்ல, துன்பம். மனமுவந்து ஏழு நாள் குடிலில் தங்குவது விழா. வேறு வழியின்றி ஆண்டு முழுவதும் தங்குவது வறுமை. குடிலை நினைவுகூர்பவர், இன்னும் குடிசையிலேயே இருப்பவருக்கு நல்ல வீடு கிடைக்கவும் குரல் கொடுப்பார்.

இரண்டாவது, நேரம். இரவுப் பணி முடிந்து அப்பா வரும்போது பிள்ளை பள்ளிக்குக் கிளம்பிவிடுகிறான். ஒரே வீட்டில் இருந்தும் ஒன்றாக உண்பதில்லை. தொழிலாளருக்கு ஓய்வு வேண்டும் என்று திருத்தந்தை 13-ஆம் லியோ 1891-லேயே எழுதினார். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்தில் ஒரு நாள் ஓய்வு தரச் சொன்னது. ஆண்டில் 240 நாள் உழைத்தவருக்கு, 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு விடுப்பும் தரச் சொன்னது. ஆனால் விடுப்பு எடுத்தால் அன்றைய கூலி போய்விடும் என்று அஞ்சும் ஒப்பந்தத் தொழிலாளர் நம்மிடையே உண்டு. ஓய்வு சோம்பேறித்தனம் அல்ல. குடிலில் தனியறை இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத்தான் ஆக வேண்டும். அதற்காகவே ஆண்டவர் அந்த ஏழு நாள்களைக் கேட்டார்.

மூன்றாவது, பகிர்வு. இவ்விழாவில் யார் யார் மகிழ வேண்டும் என்று இணைச் சட்டம் 16-ஆம் அதிகாரம் பட்டியல் இடுகிறது. மகன், மகள், வேலைக்காரர், அந்நியர், அநாதை, கைம்பெண். சொந்தக் குடும்பம் மட்டும் உள்ளே இருந்தால் அது ஆண்டவரின் குடில் அல்ல. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து, நம் தெருவில் ஓர் அறையில் பலராகத் தங்கி உழைக்கும் இளைஞர்களுக்கு, இந்த விடுமுறையில் எந்த வீட்டிலிருந்து ஒரு வேளை உணவு போகும்?

இயேசுவும் இவ்விழாவுக்கு எருசலேம் சென்றார் என்று யோவான் நற்செய்தி 7-ஆம் அதிகாரம் கூறுகிறது. வாக்கு மனிதரானதைச் சொல்லும் இடத்தில் யோவான் கையாளும் கிரேக்கச் சொல்லுக்கு, நம்மிடையே கூடாரம் அடித்தார் என்பதே பொருள். கடவுள் குடிலுக்கு வெட்கப்படவில்லை.

எனவே, அன்பார்ந்தவர்களே, வரும் விடுமுறையில் ஓர் இரவாவது பாயைச் சுருட்டிக்கொண்டு மாடிக் கொட்டகைக்கு ஏறுவோம். மாடி இல்லாதவர் உறவினர் வீட்டு மாடிக்குச் செல்வோம். கைபேசிகள் கீழேயே இருக்கட்டும். சோற்றைக் கொண்டுபோய் வட்டமாக அமர்ந்து உண்போம். பாட்டியைக் கதை சொல்லச் சொல்வோம். கொசு கடிக்கும், துறைமுக விளக்குகளும் எண்ணூர்ப் புகையும் வானை மறைக்கும். ஆனாலும் கீற்றின் இடைவெளியில் ஒன்றிரண்டு விண்மீன் தெரியாமல் போகாது. மழை வந்தால் கஞ்சிப் பானையோடு இறங்கி வருவோம். அதற்கும் அனுமதி உண்டு.