எந்தக் கடலை போடலாம்?

சித்தன்னவாசலுக்கு ஓவியம் பார்க்க வருகிறவர்கள் எங்கள் செம்மண் கொல்லையைக் கவனிப்பதில்லை. எல்லாம் மானாவாரி. கடலை போடும்போது "எது அதிகம் காய்க்கும்?" என்றுதான் கேட்போம். "மழை எத்தனை நாள் நிற்கும்?" என்று கேட்பதே சரி என்பேன்.

கொத்துக்கடலை சுமார் 105 நாளில் முற்றும். கொடிக்கடலைக்கு இன்னும் ஒரு மாதம் வேணும். மழை நீடித்தால் கொடி ஜெயிக்கும்; இடையில் நின்றால் பொக்குதான்.

பூக்குமுன் வரும் சிறு வறட்சியைச் செடி தாங்கும். பூத்தபின் விழுது மண்ணில் இறங்கணும். மேல்மண் இறுகினால் இறங்காது. பருப்பு முற்றும்போது காய்ந்தாலும் மகசூல் போச்சு.

வறண்ட அனந்தப்பூரில், 1940-இல் வெளியான நம் டி.எம்.வி.2 பல்லாண்டு நிலைத்ததற்குக் குறுகிய வயதும் ஒரு காரணம்.

நண்பர்களே, விதை வாங்குமுன் வயதைக் கேளுங்கள். போட்ட விதையாவது வீடு திரும்பும்.