கோடு சொல்லும் காரணம்

தேனி, கம்பம் பகுதித் தச்சுப் பட்டறைக்குக் களப்பயணம் செல்லும்போது மாணவர்களிடம் இச்சிக்கலை முன்வைக்கலாம். இழைப்பு இயந்திரத்தின் நீளக் கத்திகளுக்குப் பதிலாக, சிறு சதுர அலகுகள் சுருளாகப் பதித்த உருளை பொருத்தப்பட்டது. இழைத்த பலகையில் நீளவாட்டில் கோடு விழுகிறது. ஏன்?

கோடு பள்ளமா, மேடா எனத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளமானால், அந்த இடத்து அலகின் அடியில் மரத்தூள் சிக்கி, அலகு உயர்ந்திருக்கலாம். மேடானால், அலகின் விளிம்பு உடைந்திருக்கலாம். மோட்டார் திணறினால் பெல்ட்டின் இறுக்கத்தையும் வெட்டும் ஆழத்தையும் பார்க்க வேண்டும்.

மின் இணைப்பைத் துண்டித்த பிறகே, அதுவும் தச்சரே, உருளையைத் தொட வேண்டும். மாணவர்கள் தள்ளி நின்று பார்க்கட்டும். ஒருமுறைக்கு ஒன்றை மட்டும் மாற்றிச் சோதித்தால்தான் உண்மைக் காரணம் தெரியும். நம் ஆய்வகத்துக்கும் இதுவே விதி.