கம்பத்தைக் காக்கும் கம்பி

மின்கம்பத்திலிருந்து சாய்வாகத் தரைக்கு இறங்கும் ஸ்டே கம்பியை மாணவர்கள் தினமும் பார்க்கிறார்கள். அது என்ன வேலை செய்கிறது என்று கேட்டால், கம்பத்துக்கு முட்டுக் கொடுக்கிறது என்று பலர் சொல்வார்கள். பாடத்தை இந்தப் பதிலிலிருந்தே தொடங்கலாம். கம்பியால் இழுக்க மட்டுமே முடியும், தள்ள முடியாது.

நூற்றுக்கணக்கான மீட்டர் உயரமுள்ள ஒளிபரப்புக் கம்பங்களுக்கும் இதுவே விதி. பல உயரங்களில், பெரும்பாலும் மூன்று திசைகளிலிருந்து, எஃகு வடங்கள் அவற்றை இழுத்துப் பிடிக்கின்றன. காற்று வரும் பக்கத்து வடம் மேலும் விறைக்கிறது. எதிர்ப்பக்க வடம் தளர்ந்து தொய்கிறது. காற்றில்லாதபோதே எல்லா வடங்களையும் இழுத்துக் கட்டி வைப்பது இதனால்தான். வடம் சாய்வாக இருப்பதால் கம்பத்தைக் கீழ்நோக்கியும் அழுத்துகிறது. ஆகவே பலத்த காற்று பக்கவாட்டில் வீசினாலும் கம்பத்தின் அடியில் சுமை கூடுகிறது! விசையைக் கூறுகளாகப் பிரிக்கும் பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகும். அப்படியானால் புயல் மட்டும்தான் ஆபத்தா? 1969 மார்ச் 19 அன்று இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், எம்லி மூர் என்ற இடத்தில் 385 மீட்டர் உயரத் தொலைக்காட்சிக் கம்பம் சரிந்தது. வடங்களில் பனிக்கட்டி உறைந்து சுமை ஏற்றியிருந்தது. அத்துடன், மிதமான ஆனால் சீரான காற்று கம்பத்தை ஊசலாட வைத்ததையும் விசாரணை சுட்டிக்காட்டியது. நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை.

அந்தக் கம்பத்தின் பெரும்பகுதி உருண்டையான எஃகுக் குழாய். உருளையைக் கடக்கும் சீரான காற்று, அதன் பின்புறத்தில் இடமும் வலமுமாக மாறிமாறிச் சுழல்களை உண்டாக்கும். ஒவ்வொரு சுழலும் கம்பத்தைக் காற்றின் திசைக்குக் குறுக்கே சற்று இழுக்கும். இந்த இழுப்பின் தாளம் கம்பத்தின் இயல்பு அதிர்வெண்ணோடு பொருந்திவிட்டால் ஒத்ததிர்வு ஏற்படும். ஊஞ்சலை உரிய நேரத்தில் தள்ளத் தள்ள வீச்சு பெருகுவது போலத்தான் இதுவும். திசையும் வேகமும் மாறி மாறி வீசும் காற்றில் இந்தத் தாளம் எளிதில் கலைந்துவிடும். விபத்துக்குப்பின் இதே வகையைச் சேர்ந்த மற்றக் கம்பங்களுக்குள் கனமான சங்கிலிகளைத் தொங்கவிட்டனர். அவை அசைந்து உரசி அதிர்வின் ஆற்றலை உறிஞ்சும்.

வகுப்பில் செய்துபார்க்க ஒரு நீளக் குச்சி, நூல், பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் போதும். ஸ்பாஞ்சின் மீது குச்சியை நிறுத்தி, உச்சியில் கட்டிய மூன்று நூல்களைத் தரையில் அமர்ந்த மூன்று மாணவர்களிடம் கொடுங்கள். நூல்களை இழுக்க இழுக்க ஸ்பாஞ்ச் நசுங்கும். பிறகு குச்சியைப் பக்கவாட்டில் மெல்லத் தள்ளி, யாருடைய நூல் தளர்கிறது என்று கேளுங்கள்.