சீனி வருத்தமும் எங்கள் ஞாயிற்றுக்கிழமையும்

ஊரில் ஒருவருக்குச் சீனி வருத்தம் என்றால் ஒழுங்கை முழுவதற்கும் தெரியும். இங்கே ரொறன்ரோவில் பக்கத்துக் கதவுக்காரருக்கும் தெரியாது. தெரியக்கூடாது என்றுதான் நாங்களும் இருந்தோம். வேலைத்தளத்தில் அறிந்தால் வேலை போய்விடும் என்று ஒரு பயம். சொந்தக்காரர் அறிந்தால் தங்கச்சியின் கலியாணப் பேச்சுக் குழம்பிவிடும் என்று இன்னொரு பயம்.

எங்களில் ஒருவர் இந்தப் பயத்தினாலேயே விழுந்தார். அன்று அவருக்கு இரவு வேலை. வீட்டில் இன்சுலின் ஊசியைப் போட்டுவிட்டு, பஸ் தவறிவிடும் என்று சாப்பிடாமல் ஓடியிருக்கிறார். பெட்டி அடுக்கும் இடத்தில் கை நடுங்கி, வியர்த்து, வாய் குழறத் தொடங்கிவிட்டது. குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று நினைத்த மேற்பார்வையாளர் அவரை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். வாசலில் பனிக்குள் குந்தியிருந்தவரைக் கண்டது அதே வரிசையில் நின்ற இன்னொரு தமிழர். அவருக்கும் அதே வருத்தம், ஆதலால் பார்த்தவுடன் விளங்கிவிட்டது. இயந்திரத்தில் இனிப்புச் சோடா ஒன்று எடுத்துப் பருக்கினார்.

கொஞ்சம் தெளிந்த பிறகு கேட்டார்: "தம்பி, உமக்கு எத்தினை வருஷமாய்?"

"மூண்டு வருஷம் அண்ணை. அம்மாவுக்கும் தெரியாது."

"எனக்கு ஏழு. மனிசிக்கு மட்டுந்தான் தெரியும்."

அந்த இரண்டு பேரோடு தொடங்கியது இன்று பதினொரு பேராகி, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்காபரோவில் ஒரு தொடர்மாடியின் கீழ் அறையில் கூடுகிறோம். பெயர் வைக்கவில்லை. தலைவர், செயலாளர், பொருளாளர் தெரிவும் இல்லை. (எம்மவர் பதினொரு பேர் கூடி இன்னும் இரண்டாகப் பிரியாமல் இருப்பதே ஒரு புதினம்.)

வைத்தியர் இருக்கும்போது இந்தக் கூட்டம் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். வைத்தியர் நல்லவர்தான். ஆனால் காலைச் சாப்பாட்டுக்கு முன் குளிசை போடு என்கிறார். இரவு வேலைக்காரனுக்குக் காலைச் சாப்பாடு பின்னேரம் நாலு மணிக்கு என்பதை அவருக்குச் சொல்ல எங்களிடம் ஆங்கிலம் போதாது. மொழிபெயர்க்க ஒன்பது வயதுப் பிள்ளையைக் கூட்டிப் போகிறோம். பிள்ளையை நடுவில் வைத்துக் கேட்க முடியாத கேள்விகள் இந்த வருத்தத்தில் நிறைய உண்டு. கணவன் மனைவி விஷயம், காலில் ஆறாத புண், இரவில் வரும் பயம். அவற்றைத்தான் ஞாயிற்றுக்கிழமையில் கேட்கிறோம்.

கணக்கிலும் தடுமாறினோம். ஊரில் 180 என்று சொன்னதை இங்கே 10 என்கிறார்கள். "பத்துத்தானே, சுகமாகிவிட்டது" என்று ஒரு மாமி மூன்று மாதம் குளிசையை நிறுத்தியிருந்தார். ஊரில் அளப்பது மில்லிகிராம் கணக்கில், இங்கே மில்லிமோல் கணக்கில். கனடாக் கணக்கை 18 ஆல் பெருக்கினால் ஊர்க் கணக்கு வரும். இது தெரியாமல் இருந்தது மாமி மட்டுமல்ல, பாதிப்பேர்.

சாப்பாடும் அப்படித்தான். வைத்தியசாலையில் தந்த புத்தகத்தில் பாணும் உருளைக்கிழங்கும் படமாக இருந்தன, எங்கள் கோப்பை இல்லை. ஒரு அக்கா அளவுக் கோப்பையோடு வந்து சோற்றை அளந்து காட்டினார். மூன்றில் ஒரு கோப்பைச் சோறு ஒரு துண்டுப் பாணுக்குச் சமம். நாங்கள் ஒரு நேரத்துக்குப் போடும் இரண்டு கோப்பைச் சோறு ஆறு துண்டுப் பாண். அறை கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது.

இந்த வழி நாங்கள் கண்டுபிடித்ததல்ல. 1905இல் பொஸ்ரனில் ஜோசப் பிராற் என்ற வைத்தியர், வீட்டில் இருந்தே வைத்தியம் பெற்ற ஏழைக் காசநோயாளரைக் கிழமைக்கு ஒருமுறை ஒன்றுகூட்டினார். எங்கள் வருத்தத்தின் கதையோ இந்த நகரத்திலேயே தொடங்குகிறது. 1921இல் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் பான்ரிங், பெஸ்ற் இருவரும் இன்சுலின் ஆராய்ச்சியைத் தொடங்கினார்கள். 1922 ஜனவரியில் ரொறன்ரோ பொது வைத்தியசாலையில் 14 வயது லெனார்ட் தொம்சனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. அது சரிவரவில்லை. கொலிப் என்பவர் மருந்தைச் சுத்தப்படுத்திக் கொடுத்த பிறகே பையன் தேறினான்.

சாகப்போகிறோம் என்று இத்தாலிக்குப் போயிருந்த ஸ்கொட்லாந்து வைத்தியர் ஆர். டி. லோரன்ஸ், இன்சுலின் வந்த செய்தி கேட்டு 1923இல் லண்டன் திரும்பி உயிர் தப்பினார். 1934இல் அவரும் எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸும் சேர்ந்து நீரிழிவுச் சங்கத்தைத் தொடக்கினார்கள். இருவரும் நீரிழிவுக்காரர். ஊசி போட்டால் உயிர் நிற்கும், ஆனால் அதோடு எப்படிச் சீவிப்பது என்பதை அதோடு சீவிப்பவனிடம் கேட்க வேண்டும் என்று எங்களுக்கு விளங்கியது அவர்களுக்கு முன்பே விளங்கியிருக்க வேண்டும். கனடாவிலும் 1953இல் ஒரு சங்கம் வந்தது. 2017 முதல் அதற்கு டயபீற்றிஸ் கனடா என்று பெயர்.

எல்லாம் நல்லபடி என்று சொல்ல வரவில்லை. பாகற்காய்ச் சாறு குடித்தால் ஊசி தேவையில்லை என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் கேட்டு நடந்து, அவசர சிகிச்சைப் பிரிவில் இரண்டு இரவு கிடந்தார். அன்றிலிருந்து ஒரே ஒரு சட்டம் வைத்திருக்கிறோம்: மருந்தின் அளவை எங்கள் வாயால் மாற்றுவதில்லை. அதற்கு வைத்தியர்.

விழுந்த தம்பிக்கு வருவோம். ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டத்தில் நீரிழிவு பெயர் சொல்லியே குறிக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு ஞாயிறு எங்களில் ஒருவர் வாசித்துக் காட்டினார். வருத்தம் இருக்கிறது என்பதற்காக வேலையால் நிறுத்த முடியாது. தம்பி அதை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். அடுத்த கிழமை வைத்தியரின் கடிதத்தோடு மேற்பார்வையாளரிடம் போனார். இப்போது குறித்த நேரத்தில் சாப்பிட இடைவேளை உண்டு. கூட நிற்பவர்களுக்கும் சொல்லிவைத்திருக்கிறார்: சீனி 4க்குக் கீழே இறங்கினால் மூன்று தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீர், 15 நிமிடம் பொறுத்து மறுபடி சோதனை, மயங்கிவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் 911.

மேற்சட்டைப் பையில் எப்போதும் ஒரு பழச்சாறுப் பெட்டி இருக்கிறது. அம்மாவுக்கு மட்டும் இன்னும் சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிறோம். அடுத்த முறை ரெலிபோன் எடுக்கும்போது சொல்லுகிறேன் என்கிறார்.