ஒலிப்பெட்டிக்குள்ளே – 9: ஆம்ப்ளிஃபையருக்கு முன்பே பிரிப்போம்

ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் வேலை வேறு. பாஸ் ஒலியை ட்வீட்டருக்கு அனுப்பினால் அதன் காயில் கருகிவிடும். உச்ச ஒலிகளை ஊஃபரிடம் விட்டால் மங்கிப்போகும். இரண்டையும் பிரித்துத் தருவது கிராஸ்ஓவர். கடையில் வாங்கும் பெட்டிகளில் பெரும்பாலும் அது ஆம்ப்ளிஃபையருக்குப் பிறகு, ஸ்பீக்கருக்கு முன்னால் இருக்கிறது. ஆம்ப் தரும் முழு மின்சாரமும் செம்புக் காயிலையும் கண்டென்சரையும் கடந்தே ஸ்பீக்கரை அடைய வேண்டும். காயில் கம்பியின் மின்தடை, ஊஃபர் மீது ஆம்ப்புக்கு உள்ள பிடியைத் தளர்த்தும். பாஸ் சற்றுத் தொளதொளத்துவிடும்.

ஆக்டிவ் கிராஸ்ஓவர் இந்த வேலையை முன்னதாகவே முடித்துவிடுகிறது. ஓரிரு வோல்ட் அளவிலுள்ள சிக்னலையே பிரித்து, ஊஃபருக்கு ஓர் ஆம்ப், ட்வீட்டருக்கு ஓர் ஆம்ப் என்று அனுப்புகிறது. பை-ஆம்ப்ளிஃபிகேஷன் என்பது இதுதான். ஆம்ப்பை மட்டும் இரண்டாக்கி, பெட்டிக்குள் பழைய கிராஸ்ஓவரை அப்படியே விட்டுவைப்பதால் கிடைக்கும் பலன் மிகக் குறைவு. அந்தச் செலவு வீண்.

புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் பல வீடுகளில் இந்த முறை ஏற்கெனவே பாதி வந்துவிட்டது. மெக்கானிக்குகள் அசெம்பிள் செய்து தரும் 2.1 ஆம்ப்பில், 4558 ஐசி வைத்த சப்-ஊஃபர் போர்டு பாஸை மட்டும் பிரித்துத் தனி ஆம்ப்புக்கு அனுப்புகிறது. சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் அந்தச் சின்ன போர்டு, ஆக்டிவ் கிராஸ்ஓவரின் ஒரு பாதி. இடது, வலது ஸ்பீக்கர்களுக்குப் போகும் வழியில் பாஸை நீக்கும் மறுபாதி பலவற்றில் இருப்பதில்லை. அதனால் சிறிய ஸ்பீக்கர்களும் பாஸை இழுத்துத் திணறுகின்றன, பாட்டுக் குரல் குழம்புகிறது. அந்த மறுபாதியைச் சேர்ப்பதற்கு ஆகும் செலவு சொற்பமே.

சக்திக் கணக்கிலும் லாபம் உண்டு. 8 ஓம் ஸ்பீக்கரில் பாஸ் 20 வோல்ட் உச்சத்திலும், மேல் ஒலி 20 வோல்ட் உச்சத்திலும் சேர்ந்து வந்தால், ஒரே ஆம்ப் 40 வோல்ட்டைத் தொட வேண்டும்; அதற்கு 100 வாட் ஆம்ப் தேவை. பிரித்துவிட்டால் 25 வாட் ஆம்ப் இரண்டே போதும். தவில் அடியில் ஊஃபர் ஆம்ப் திணறினாலும், ட்வீட்டரில் வரும் ஜால்ராவின் ஓசை கெடாது.

பிரிக்கும் முறைகளில் இன்று பரவலாக இருப்பது லிங்க்விட்ஸ்-ரைலி. சீக்ஃபிரீட் லிங்க்விட்ஸ் 1976இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டது இது. இதன் 24 டெசிபல் வகையில், பிரியும் புள்ளியில் இரு பக்கமும் 6 டெசிபல் குறைந்திருக்கும். இரண்டும் ஒரே கட்டத்தில் சேர்வதால் மொத்த ஒலி மேடு பள்ளமின்றி வரும்.

புதுச்சேரியின் பழைய வீடுகளில் சுண்ணாம்புச் சுவரும் கல் தரையும் உச்ச ஒலியைத் திருப்பி அடிக்கும். அங்கே ட்வீட்டர் ஆம்ப்பின் வால்யூமை மட்டும் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம். பெட்டியைத் திறந்து ரெசிஸ்டர் மாற்ற வேண்டியதில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. ட்வீட்டரை ஆம்ப்புடன் நேரடியாக இணைக்கும்போது 20 மைக்ரோஃபாரட் நான்-போலார் கண்டென்சர் ஒன்றை சீரிஸில் போட்டுவிடுங்கள். 8 ஓம் ட்வீட்டரில் ஏறத்தாழ 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ளதை அது மட்டுப்படுத்தும். ஆம்ப் பழுதாகி டிசி வந்தாலும் காயில் தப்பிக்கும்.