நகர வரைபடத்தில் உங்கள் கழனிக்கு என்ன பெயர்?

"சார், இன்னும் எத்தனை நாளைக்கு நெல்லு போடுவீங்க?" செம்பரம்பாக்கத்தில் மனை பார்க்க வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி இது. அதற்கான பதில் என் கையில் மட்டும் இல்லை. நகரத் திட்ட வரைபடத்திலும் இருக்கிறது. அதை நாம் படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்கீழ் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் முழுமைத் திட்டம் போடுகிறது. இப்போதுள்ள இரண்டாவது திட்டம் 2008-இல் வந்தது, 2026 வரைக்குமானது. குடியிருப்பு, வணிகம், தொழில், வேளாண்மை என்று ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் அதில் ஒரு பயன்பாடு குறித்திருக்கும். வேளாண்மை என்று இருந்தால் அது நிரந்தரம் என்று நினைக்காதீர்கள். உரிமையாளர் விண்ணப்பித்து நிலப்பயன் மாற்றம் வாங்கலாம். ஒவ்வொரு நம்பராகப் பார்த்து முடிவெடுக்கும்போது, அதற்கு மேலே எந்த ஏரி, கீழே எந்த வாய்க்கால் என்பது பின்னுக்குப் போய்விடுகிறது.

இதில் எனக்கும் பங்கு உண்டு. வங்கியில் வீட்டுக்கடன் கோப்பு பார்த்த காலத்தில் பத்திரம், வில்லங்கம், லே-அவுட் அங்கீகாரம் எல்லாம் சரிபார்த்தேன். அந்த மனை எந்தத் தண்ணீரின் வழியில் இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று படிவத்திலும் இல்லை.

ஏரி என்றால் தண்ணீர் நிற்கிற இடம் மட்டுமா? வரத்து வாய்க்கால், கலங்கல், மதகு, ஆயக்கட்டு, போக்கு வாய்க்கால், அடுத்த ஏரி எல்லாம் சேர்ந்த சங்கிலி அது. வரப்பு கட்டிய ஒரு ஏக்கர் கழனியில் பத்து சென்டிமீட்டர் மழை நின்றாலே சுமார் 4 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் முப்பது நடைக்கு மேல்! அங்கே கான்கிரீட் போட்டால் அவ்வளவும் உடனே வாய்க்காலுக்கு ஓடும். வாய்க்காலும் இல்லையென்றால் வீட்டுக்குள் வரும்.

செம்பரம்பாக்கம் ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பர் 1 அன்று வினாடிக்கு 29,000 கன அடி திறந்ததைப் பற்றித்தான் எல்லோரும் பேசினோம். அதே அடையாற்றில் பல சிறு ஏரிகளின் உபரிநீரும் சேர்ந்தது. அந்தச் சிறு ஏரிகளை யார் பேசினார்கள்?

நகரம் வளரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சர்வே நம்பரை வைத்து வரைவதற்கு முன்னால் ஏரிச் சங்கிலியை வைத்து வரையுங்கள் என்கிறேன். இதற்கு முன்மாதிரி இங்கேயே இருக்கிறது: செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்கென்று தனிக் கட்டுப்பாடு உண்டு. கொல்கத்தாவின் கிழக்கே 12,500 ஹெக்டேர் ஈரநிலம் நகரக் கழிவுநீரில் மீனும் காய்கறியும் விளைவிக்கிறது. 2002-இல் அதற்கு ராம்சர் தகுதியும் கிடைத்தது.

2022-இல் பெருநகர்ப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904-ஆக விரித்துவிட்டார்கள். மூன்றாவது திட்டத்துக்கான வேலையும் நடக்கிறது. நேற்றுவரை பட்டணத்துக்கு வெளியே இருந்த ஊர்களும் இப்போது உள்ளே.

ஆகவே மூன்று காரியம் செய்யுங்கள். உங்கள் சர்வே நம்பருக்கு என்ன பயன்பாடு போட்டிருக்கிறது என்று பாருங்கள். கிராம வரைபடத்தையும் 'அ' பதிவேட்டையும் வாங்கி, ஊர் வாய்க்கால்களை நடந்தே சரிபாருங்கள். கிராம சபையில் அவற்றைப் பெயர் சொல்லித் தீர்மானம் போட்டு, திட்டத்துக்குக் கருத்து கேட்கும்போது எழுத்தில் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டை மறக்காமல் வாங்கி வையுங்கள். வாயால் சொன்னது எந்தக் கோப்பிலும் ஏறாது. இது நான் வங்கியில் கற்ற பாடம்.