எந்தக் கடனுக்கு எந்த நிவாரணம்?

2025ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் மைசூரு, சாமராஜநகர் மாவட்டங்களின் சில கிராமங்களிலிருந்து, நுண்கடன் தவணை கட்ட இயலாத குடும்பங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியேறுவதாகச் செய்திகள் வந்தன. தற்கொலைகளும் நிகழ்ந்தன. மாநில அரசு 2025 பிப்ரவரி 12ஆம் நாள் ஓர் அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தது. அடுத்த மாதமே சட்டமன்றம் அதனைச் சட்டமாக நிறைவேற்றியது. கட்டாய வசூலுக்குப் பத்து ஆண்டுகள் வரை சிறையும், ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இதில் வகை செய்யப்பட்டுள்ளது. இவ்வளவு கடுமையான சட்டம் வந்த பின்னரும், கடன்பட்ட ஓர் ஏழைக் குடும்பம் தனக்குரிய வழி எதுவென்று அறிவது எளிதாகிவிடவில்லை.

எடுத்துக்காட்டாக, மைசூரு நகரில் ஊதுவத்தி உருட்டும் ஒரு பெண்ணையும் கட்டட வேலை செய்யும் அவருடைய கணவரையும் கற்பனை செய்துகொள்வோம். இருவரின் வருவாய் சேர்ந்து மாதம் 14,000 ரூபாய். இரண்டு நுண்கடன் நிறுவனங்களுக்குத் தவணையாக 3,200 ரூபாயும் 2,900 ரூபாயும், சுயஉதவிக் குழுவுக்கு 800 ரூபாயும் கட்ட வேண்டும். இது தவிர, தெருவில் கைமாற்றாக வாங்கிய 20,000 ரூபாய்க்கு ‘நூற்றுக்கு ஐந்து’ வீதம் மாதம் 1,000 ரூபாய் வட்டி. ஆண்டுக் கணக்கில் இது அறுபது விழுக்காடு. அசலில் ஒரு ரூபாயும் குறையாது.

ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, ஆண்டு வருவாய் மூன்று லட்சம் ரூபாய்க்கு மிகாத குடும்பங்களுக்கு ஈடின்றி வழங்கப்படுவது நுண்கடன். ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருவாயில் பாதிக்கு மேற்படலாகாது. நம் குடும்பத்தின் ஏட்டில் ஏறிய தவணை 6,900 ரூபாய்; உச்ச வரம்பு 7,000. விதி மீறப்படவில்லை. ஆனால் கைமாற்று எந்தக் கடன் தகவல் நிறுவனத்தின் ஏட்டிலும் ஏறுவதில்லை. அதனையும் சேர்த்தால் 7,900 ரூபாய். காகிதத்தில் தாங்கக்கூடிய சுமை வீட்டில் தாங்க முடியாததாகிவிடுகிறது.

ஆகவே, நிவாரணம் தேடுவோர் முதலில் ஆராய வேண்டியது கடன் எவ்வளவு என்பதையன்று. கடன் யாருடையது என்பதையே. நம் நாட்டின் கடன் நிவாரணச் சட்டங்கள் பெரும்பாலும் கடன் கொடுத்தவரை வைத்தே பிரிவினை செய்கின்றன.

இதற்கு நீண்ட வரலாறு உண்டு. சென்னை மாகாணத்தில் இராஜாஜி அமைச்சரவை 1938இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. மைசூரு மாவட்டத்தைச் சேர்ந்த தேவராஜ் அர்ஸ் முதலமைச்சராக இருந்தபோது, 1976இல், கர்நாடகக் கடன் நிவாரணச் சட்டம் சிறு விவசாயிகள், நிலமற்ற தொழிலாளர், நலிந்த பிரிவினர் ஆகியோரின் தனியார் கடன்களைத் தீர்ந்தவையாக அறிவித்தது. வங்கி, கூட்டுறவுக் கடன்கள் விலக்கப்பட்டன. 2019 ஜூலையில் நடைமுறைக்கு வந்த மற்றொரு சட்டமும் அதே வழியில் அமைந்தது. ஆண்டு வருவாய் 1,20,000 ரூபாய்க்கு மிகாத நலிந்த பிரிவினர், உதவி ஆணையரிடம் 90 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. அந்த வாயில் அடைபட்டு ஆண்டுகள் பல ஆகின்றன. இன்றும் அச்சட்டத்தின் பெயரைச் சொல்லித் தள்ளுபடி கோருவோர் ஏமாற்றமே அடைவர்.

2025ஆம் ஆண்டுச் சட்டம் வேறு வகையில் உதவுகிறது. உரிமமோ பதிவோ இன்றிக் கடன் கொடுத்தவரிடம் நலிந்த பிரிவினர் பட்ட கடன், வட்டியுடன் தீர்ந்ததாகக் கருதப்படும். நம் குடும்பத்தின் கைமாற்றுக் கடனுக்கு இது நேராகப் பொருந்தக்கூடும். ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற நிறுவனங்களின் கடன் இதனால் தள்ளுபடியாவதில்லை. ஆயினும் ஒன்றை அதிகாரிகள் மறக்கலாகாது. நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் பணம் தருபவர் அந்தத் தெருக்காரரே. அவர்மீது புகார் கொடுத்தால் கடன் தீரும்; அடுத்த முறை போக இடமிராது. எனவே பலர் புகார் கொடுக்க வருவதில்லை. முதலில் சுயஉதவிக் குழுவிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ அவசரக் கடனுக்கு ஒரு வழி தேடிக்கொண்டு, பின்னர் கைமாற்றை எதிர்கொள்வதே நடைமுறைக்கு ஒத்தது. மிரட்டலும் அடாவடியும் நேர்ந்தால் மட்டும் காத்திருத்தல் கூடாது.

நுண்கடனுக்கு வருவோம். இங்கே தள்ளுபடி இல்லை. ஆனால் தவணைக் காலத்தை நீட்டித்துத் தரும்படி கேட்கலாம். தவணை தவறுவதற்கு முன்பே, எழுத்து மூலம் கேட்பது சாலச் சிறந்தது. குழுப் பொறுப்பில் வாங்கிய கடனில் ஒருவர் நின்றுவிட்டால் சுமை அண்டை வீட்டுப் பெண்களின் தலையில் விழுகிறது, நட்பும் கெடுகிறது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்கு வருதல் விதிமீறல். குறித்த இடத்துக்குக் கடனாளி தொடர்ந்து இரண்டு முறையேனும் வராதபோதுதான் வீட்டுக்கே வரலாம். நிறுவனத்திடம் புகார் கொடுத்து 30 நாட்களில் தீர்வு கிடைக்காவிடில், ரிசர்வ் வங்கியின் குறைதீர் அதிகாரிக்குக் கட்டணமின்றி எழுதலாம். இத்திட்டம் 2021 நவம்பரில் தொடங்கப்பட்டது.

ஒரே தொகையாகச் செலுத்தி மீதியைத் தள்ளுபடி பெறும் ‘ஒருமுறைத் தீர்வு’ கவர்ச்சியானது. கையிருப்பில் தொகை இருந்தால் நன்று. ஆனால் அதைக் கட்டுவதற்காக ஐந்து வட்டிக்குப் புதுக் கடன் வாங்குவது, மலிவான கடனைக் கொடுத்துவிட்டு விலையேறிய கடனை வாங்குவதாகும். கடன் தகவல் ஏட்டில் அக்கணக்கு ‘முழுதும் செலுத்தப்பட்டது’ என்றில்லாமல் ‘சமரசத்தில் முடிந்தது’ என்றே பதிவாகும். அடுத்த கடன் கிடைப்பது கடினமாகும்.

இதே பேரத்தை மக்கள் நீதிமன்றத்தின் முன் வைத்தால் தவணை முறையில் கட்டவும் உடன்பாடு காணலாம். மைசூரு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினரும் வருவாய் வரம்பு பாராமல் இலவச உதவி பெற உரியவர்கள். ஆனால் மக்கள் நீதிமன்றத் தீர்வுக்கு மேல்முறையீடு இல்லை; அது உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். மாதம் 1,500 ரூபாய்தான் இயலும் என்றால், வெட்கத்தில் 3,000 என்று ஒப்புக்கொள்ளலாகாது.

அச்சத்தினாலேயே தவறான வழி தேர்ந்தெடுக்கப்படுவதும் உண்டு. நீதிமன்றம் தீர்ப்பாணை வழங்கினாலும், உடை, சமையல் பாத்திரம், படுக்கை, தொழிற்கருவி, கூலித் தொழிலாளியின் கூலி ஆகியவற்றை ஜப்தி செய்ய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு இடந்தருவதில்லை. பணக் கடனுக்காகப் பெண்களைக் கைது செய்ய முடியாது. வழியின்றி வறுமையால் கட்டாதவரைச் சிறையிடுவது முறையன்று என்று உச்ச நீதிமன்றம் 1980இல் தீர்ப்பளித்தது. மூன்றாண்டு கடந்த பழைய கடனுக்கு வழக்குத் தொடர இயலாத நிலையும் ஏற்படலாம். ஆனால் அக்கெடு முடியுமுன் ‘இவ்வளவு பாக்கி’ என்று ஒரு தாளில் கையெழுத்திட்டால் காலக்கெடு புதிதாகத் தொடங்கிவிடும்.

கடைசி வழியான திவாலை மக்கள் ‘மஞ்சள் கடுதாசி’ என்பர். வழக்குச் செலவும் காலமும் அதை ஏழைகளுக்கு எட்டாததாக்குகின்றன. இக்குறையைப் போக்கவே 2016ஆம் ஆண்டின் நொடிப்பு, திவால் சட்டத்தொகுப்பு ‘புதிய தொடக்கம்’ என்ற எளிய முறையை வகுத்தது. மனு ஏற்கப்பட்டால் 180 நாட்களுக்கு வசூல் நடவடிக்கை நிற்கும். பின்னர் தகுதியுள்ள கடன்கள் ரத்தாகும். ஆண்டு வருவாய் 60,000 ரூபாய், சொத்து 20,000 ரூபாய், கடன் 35,000 ரூபாய் ஆகியவற்றுக்கு மேற்படாமலும், சொந்த வீடு இல்லாமலும் இருக்க வேண்டும். தனிநபர் பகுதியில், நிறுவனக் கடனுக்கு உத்தரவாதம் அளித்தோருக்கான விதிகள் மட்டும் 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தன. ‘புதிய தொடக்கம்’ ஏட்டளவிலேயே நிற்கிறது. நாளையே அது நடைமுறைக்கு வந்தாலும், ஆண்டுக்கு 1,68,000 ரூபாய் ஈட்டும் நம் ஊதுவத்திக் குடும்பத்துக்கு அதில் இடமில்லை. மாதம் 5,000 ரூபாய்க்குள் வாழும் குடும்பத்துக்கே அது திறக்கும்.